வேண்டும், வேண்டாம், வேண்டம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய தமையன், கிண்ணியாவிலிருந்து எங்களோடு தொழிலுக்கு வரும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். படகு எனக்கும் மைத்துனருக்கும் பாதிப் பாதி. வீட்டில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த மகள் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாசித்தது நான்தான்.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. அரசாங்கத் தொலைக்காட்சியில் பிக்கு ஒருவர் சிங்களத்தில் உபதேசம் செய்துகொண்டிருந்தார். அந்தச் சனலை நான் பார்ப்பது அடியில் ஓடும் எழுத்துக்காக. கடல் ஊருக்குள் வந்த ஆண்டிலிருந்து அந்தப் பழக்கம். அன்றைக்கு யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இனியாவது சொல்லுவார்கள் என்று ஒரு எண்ணம்.

மூன்று மணிக்குப் படகு இறக்க இருந்தோம். ஒரு மணி போல இந்த வரி ஓடியது: ‘காற்று அதிகரிக்கலாம். மீனவர்கள் அவதானத்துடன் கடலுக்குச் செல்ல வேண்டம்.’

வேண்டம். ‘டா’வின் அரவு, அந்தத் துணைக்கால், விட்டுப்போயிருந்தால் அது வேண்டாம். ‘டு’வின் கீழ் வளைவு விட்டுப்போயிருந்தால் வேண்டும். எது விட்டுப்போனது?

“அவதானமாப் போகச் சொல்லுறான், மச்சான்,” என்றார் மைத்துனர்.

“காத்து வருமெண்டு சொல்லிப்போட்டு ஆரும் போகச் சொல்லுவானே?”

காக்கா சிரித்தார். “தம்பி, சண்டைக் காலத்தில வெடிச் சத்தம் காதைக் கிழிக்கும். இந்தப் பெட்டி ஒண்டும் நடக்கல்ல எண்டு சொல்லும். அதுக்கிட்டயா கடலைப் பத்திக் கேக்கிறீங்க?”

“காசில்லாமப் பாக்கிற சனல். அதுக்கேத்த தமிழ்தான் வரும்,” என்றார் மைத்துனர். அவருடைய ஃபோனில் அன்றைய வானிலைக்குச் சூரியன் படம் இருந்தது.

“சிங்களத்திலயும் ஓடுதுதானே, அதைப் பாருங்கோவன்,” என்றாள் மனைவி.

“எனக்குக் கதைக்கத் தெரியும் தங்கச்சி, வாசிக்கத் தெரியா,” என்றார் காக்கா.

கடற்றொழில் அலுவலகத்துக்கு ஃபோன் அடித்தேன். போயாவுக்குப் பூட்டு, மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வரி திரும்பவும் வந்தது. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன். மூன்றாவது முறை எனக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண்தான்.

“கண்ணை உள்ளுக்கு விடப்போறியளே?” என்றாள் மனைவி.

“நான் வரேல்லை,” என்றேன்.

இரண்டு பேரால் அந்த வலையை இழுக்க ஏலாது. நான் இல்லையென்றால் படகு இல்லை. மைத்துனர் எழும்பி நின்றார். “ஒரு அரவு இல்லையெண்டதுக்குத் தொழிலை விடுறதே? ஐஸும் ஏத்தியாச்சு!”

அவரும் காக்காவும் படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மற்றப் படகுகள் போகும் இஞ்சின் சத்தம் கேட்டது.

ஐந்து மணிக்கு அதே வரி திருத்தி வந்தது. வேண்டாம். அரவு பெரிதாக, வடிவாக நின்றது. “பாத்தீரே!” என்று கத்தினேன். மனைவி குசினியிலிருந்து, “அதை நேரத்தோட போட்டிருக்கலாமே,” என்றாள். அதுவும் சரிதான்.

அந்தி பட்டபின் காற்று வந்தது. பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று கொஞ்சம் ஆடியது. போனவர்களை நினைத்துச் சோற்றை மூடிவைத்தேன். ஆனால் காலையில் எல்லாப் படகும் கரைக்கு வந்தன, மீனோடு. “பெரிய பாடு பட்டுப்போனம்,” என்றான் ஒருவன். அதே கடலிலிருந்து வந்த இன்னொருவன், “எந்தக் காத்து?” என்று கேட்டான்.

இதை நான் எப்படி எடுப்பது? சனல் சொன்னது உண்மை. பிழையாக எழுதிய உண்மை. அதை நம்பாதவர்கள் மீனோடு வந்தார்கள், நம்பிய நான் வெறுங்கையோடு நின்றேன். நாங்கள் போயிருந்தால் எங்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று யாரால் சொல்ல ஏலும்? ஆகியிருக்கும் என்றும் என்னால் சொல்ல ஏலாது. இப்போதும் அந்தச் சனலைத்தான் பார்க்கிறேன். ஆனால் இப்போது எழுத்துச் சரியாக வந்தாலும் இரண்டு முறை வாசிக்கிறேன்.

மைத்துனருக்குக் குழப்பமே இல்லை. “அந்தச் சனலை நம்பினது நீங்கள். அப்ப ஐஸ் காசையும் முழுக்க நீங்கள்தான் கட்டவேணும்,” என்றார். என் பாதியைக் கட்டிவிட்டேன். அவருடைய பாதி எப்படி என் தலையில் வந்தது என்று விளங்கவில்லை. ஐஸ் கடைக்கு இன்னும் கட்ட இருக்கிறது, அந்தப் பாதி, இரண்டாயிரத்து எண்ணூறு ரூபா.