ஜகதாம்பாளை அழ விடவில்லை

ஜகதாம்பாளுக்கு வாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாதமாம், வாதம்! அவளுக்கு என்ன வந்தது என்று வங்காளத்தில், பவானிபூரில் அவர்களுக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்த எனக்குத் தெரியும்.

அவள் கணவர் பட்டாபிராமன் கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். 1912 மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே பிள்ளை காலராவில் போய்விட்டான். ஊராயிருந்தால் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, தொண்டை வற்றும்வரை அழுதிருப்போம். பட்டாபிராமன் வாசலிலேயே எங்களை மறித்தார். கீழே வங்காளிப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்களாம்; மதராஸிகள் காட்டுக்கூச்சல் போடுகிறார்கள் என்று சிரிப்பார்களாம்.

அவளும் அழவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபோது மார்போடு சேர்ந்திருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. சாதம் ஊட்டிவிட வேண்டும், தலை பின்னிவிட வேண்டும். டாக்டர் மருந்து கொடுத்தார், மந்திரவாதி கயிறு கட்டினான். ஒன்றும் பலிக்கவில்லை. அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தார் அந்த மகானுபாவர். அழைத்துப்போக அவள் அண்ணாவும் வந்து இறங்கிவிட்டான்.

ரயிலுக்குப் புறப்பட வேண்டிய அன்று, பட்டாபிராமன் ஆபீஸுக்கும் அண்ணா காளிகாட் கோவிலுக்கும் போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்தேன். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவளை இறுகக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தேன். கட்டை மாதிரி இருந்தாள். நான் விடவில்லை. அவள் முதுகில் தட்டினேன், என் மாரில் அடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து அவள் வயிறு குலுங்கிற்று. பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள், தெருவே நின்றிருக்கும். கைகள் பிரிந்து என் தோளில் விழுந்தன. அவளும் மாரில் அறைந்துகொண்டாள்.

சத்தம் கேட்டு, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். உட்கார்ந்து, எங்கள் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, தன் பாஷையில் அழ ஆரம்பித்தாள்.

பட்டாபிராமன் திரும்பி வந்தபோதும் அப்படித்தான் இருந்தோம். "என்ன அசிங்கம் இது? அக்கம்பக்கம் என்ன சொல்லும்?" என்று சீறினார்.

ஜகதாம்பாள் கையை நீட்டி மாஷிமாவைக் காட்டினாள்.

"அக்கம்பக்கம் இதோ உக்காந்து அழறது. நான் எங்கேயும் போகப்போறதில்லே. பெத்த அப்பா நீங்கதான் இன்னும் அழல்லே."