கிடாருக்கு வைத்த சந்தனம்

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதப் போகும் விஷயத்தில் பாதியை அந்தக் கோபம் கெடுத்தது. மீதியை நான் வாயைத் திறக்காமல் இருந்தே கெடுத்தேன்.

தஞ்சாவூரில் புறவழிச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு மரப் பட்டறை இருக்கிறது. பகலெல்லாம் கதவு, ஜன்னல், கட்டில். சாயங்காலமானால் கிடார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகும் ஓர் இன்னிசைக் குழுவில் பல வருடமாக வாசிக்கிறேன். அதே குழுவில் இன்னொரு கிடார் என் நண்பன். அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் டிவி, மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். பாட்டுக்கு நடுவே வரும் தனி இசை என்னுடையது. பாட்டு முழுக்கத் தாளத்தோடு தந்திகளை வருடிக்கொண்டு போவது அவனுடையது. கூட்டம் என்னைத்தான் பார்க்கும். நான் எங்காவது தடுக்கினால் அது வெளியே தெரியாமல் மூடி விடுவது அவன்தான். அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் ஒரு முறை ஊருக்கு வரும்போது ஒரு கிடார் கொண்டுவந்தான். யாரோ வாசித்துத் தள்ளிய பழையதுதான், ஆனால் சாதாரணக் கிடார் இல்லை. உள்ளே ஓர் எலக்ட்ரானிக் போர்டு. ஒரு குமிழைத் திருப்பினால் அதே ஆறு தந்தி மரக் கிடாராகக் கேட்கும். இன்னொரு திருப்பில் பன்னிரண்டு தந்திக் கிடார். அதற்கும் அடுத்த திருப்பில் சிதார். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சின்ன உலோகத் துண்டுக்குள் ஒரு படிகம் இருக்கிறது; தந்தியின் அதிர்வை அது மின்சாரமாக்கி அனுப்ப, போர்டு அதை வேறு வாத்தியமாக மாற்றித் தருகிறது. முதல் தடவை சிதார் வந்தபோது நான் கிடாரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

ஓர் ஆடி மாதம் திருவிழாவுக்குப் போகிற வழியில், வேனுக்குள் ஸ்பீக்கர் பெட்டி சரிந்து அதன் மேல் விழுந்தது. கழுத்து முறிந்தது, உடல் பிளந்தது. போர்டும் பிரிட்ஜும் மட்டும் பிழைத்துக் கிடந்தன. அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்கு அளவு டேப்தான் கைக்கு வந்தது. பூதலூர்ப் பக்கம் ஒரு வீட்டை இடித்தபோது வாங்கிப் போட்டிருந்த பலாக்கட்டை பட்டறையில் இருந்தது. அதில் எனக்குப் பிடித்த வடிவத்தில் ஓர் உடலை அறுத்தேன். வேறொரு கிடாரின் கழுத்தைப் பொருத்தினேன். போர்டுக்கும் பேட்டரிக்கும் பின்பக்கம் குழி தோண்டி, ஒயர்கள் போகத் துளை போட்டேன். மர வேலை அத்தனையும் நான். போர்டை மட்டும் நான் தொடக் கூடாது. அதற்கு அவன் இருந்தான்.

புது உடலுக்கு நான் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குழு நடத்துபவர் பட்டறைக்கு வந்தார். எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். குழுவில் ஆள் கூடிவிட்டது, வேனில் இடமில்லை என்று சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு கிடாரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, இது ரெடியாயிட்டா கிடாருக்கு ஒரு ஆளு போதும். விஜயதசமி கச்சேரிக்கு நீ மட்டும் வா. அவன்கிட்ட நீயே சொல்லிடு, உன் சிநேகிதன்தானே.”

எதற்கெடுத்தாலும் எகிறுகிறவன் அன்றைக்கு எகிறவில்லை. சரிண்ணே என்றேன். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டும் வந்தேன்.

அன்று மாலையே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போர்டைப் புது உடலில் யார் பொருத்தித் தருவார்கள்? அந்தப் போர்டு போனால் இங்கே இன்னொன்று கிடையாது. வேறு எவன் கையிலும் அதைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. வேலை முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது அயோக்கியத்தனம் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

பத்து நாள், மத்தியானம் கடையை மூடிவிட்டு அவன் பட்டறைக்கு வந்தான். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். வழியெல்லாம் டிராக்டர் இறைத்துவிட்டுப் போன சேறு அவன் பேண்ட்டில் முழங்கால் வரை தெறித்திருக்கும். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் நிமிர மாட்டான். பிரிட்ஜிலிருந்து வரும் ஆறு ஒயர்களும் தலைமுடி கனம்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எண் எழுதினான். ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் அயர்ன் அவன் கையில் இருக்கும்போது நான் ஃபேனைக்கூடப் போட மாட்டேன். ஒயர் அறுந்துவிடுமோ என்று ஒரு பயம்; அவன் நிமிர்ந்து ஏதாவது கேட்டுவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கேட்டான். விஜயதசமிக்கு எந்த ஊர்க் கச்சேரி என்று. தலையைத் தூக்காமல்தான் கேட்டான். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பு ஊர், மூன்று மணிக்கு வேன் வரும் என்பதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அவன் “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஒயரை எடுத்தான்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. இந்தப் போர்டோடு சேராமல், தந்தியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் ஒரு சாதாரண பிக்கப்பும் கிடாரில் வைத்திருந்தோம். அதன் இரண்டு ஒயரையும் நானே சால்டர் வைத்தேன். மற்றதெல்லாம் அவன் கை. ஆம்ப்ளிஃபயரில் சொருகிக் குமிழைத் திருப்பினோம். மரக் கிடார் வந்தது. பன்னிரண்டு தந்தி வந்தது. சிதாரும் வந்தது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிடத்திலாவது சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பூஜையன்று பட்டறையில் எந்தக் கருவியையும் எடுக்க மாட்டோம். எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டிட்டால், மறுநாள் விஜயதசமி பூஜை முடியும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. பொட்டு வைப்பதிலும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கருவி எந்த இடத்தில் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வைப்போம். உளிக்கு வாயில், ரம்பத்துக்குப் பல்லில், இழைப்புளிக்கு அலகில். அந்த வருடம் கிடாரையும் வரிசையில் கிடத்தினேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டினேன். இரவெல்லாம் தூறல்.

மறுநாள் காலை பூஜை முடிந்து, கிடாரை எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். சாதாரண பிக்கப் கணீரென்று வந்தது. குமிழைத் திருப்பினேன். கரகரவென்று ஒரு சத்தம், அதன் பின்னால் ஓர் இரைச்சல். மரக் கிடார் இல்லை, பன்னிரண்டு தந்தி இல்லை, சிதார் இல்லை. புது பேட்டரி போட்டேன், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரை மாற்றினேன். அதே இரைச்சல்தான்.

நான் சால்டர் வைத்தது வேலை செய்கிறது. அவன் கை பட்டது மட்டும் செத்துக் கிடக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், தெரிந்துகொண்டு கழுத்தை அறுத்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். மணி பதினொன்று. போனை எடுத்தேன்.

“என்னடா பண்ணி வெச்சிருக்க? ஒண்ணும் வரல. வேணும்னே பண்ணியா?”

அவன் கடையில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அங்கேயும் பூஜை நடந்துகொண்டிருந்தது.

“நான் எதுக்குடா வேணும்னே பண்ணணும்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் பத்து நாளாக விழுங்கி வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவனே பேசினான். வருகிறேன், அதுவரை எதையும் பிரிக்காதே என்றான்.

பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான் போலிருக்கிறது. நெற்றியில் விபூதி ஈரமாக இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கிடாரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணில் லென்ஸை வைத்துப் பிரிட்ஜை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். குண்டூசியை எடுத்து, தந்தி உட்காரும் ஒரு துண்டுக்கு அடியில் விட்டுக் கிளறி, நுனியை என்னிடம் காட்டினான். மஞ்சளாக, பிசுபிசுவென்று இருந்தது.

“இங்க பொட்டு வெச்சது யாரு?”

நான்தான். கிடார் எங்கே வேலை செய்கிறது என்று யோசித்து, தந்திக்கு ஒன்றாக ஆறு பொட்டு, பக்தியோடு நானேதான் வைத்தேன். தீர்த்தமும் தெளித்தேன். துணியால் துடைத்தது மேலே இருந்ததை மட்டும்தான். இளகிய சந்தனம் ஒயர் போகும் துளைக்குள் இறங்கிவிட்டிருந்தது.

“படிகத்துலேர்ந்து வர்றது ரொம்ப சன்னமான கரண்டுடா. வாய்க்கால்ல உடைப்பு எடுத்த மாதிரி, ஈரம் பட்டா வழியிலயே போயிடும்” என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தந்திகளைக் கழற்றினான். ஆறு துண்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்தான். துளைகளைப் பஞ்சால் ஒற்றினான். வீட்டிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுவரச் சொல்லி, சூடு அதிகமாகாமல் தள்ளிப் பிடித்துக் காட்டினான். சூடு ஏறினால் படிகம் விரிசல் விட்டுவிடும், அப்புறம் பிழைக்காது. மணி ஒன்றரை. அவன் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. இரண்டேகாலுக்குத் தந்தி ஏற்றி ஒவ்வொன்றாகத் தட்டினான். முதல் தந்தி வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவது ஊமை. மற்ற மூன்றும் வந்தன. ஊமையான தந்தியைக் கழற்றி, துண்டை எடுத்து, அறுந்திருந்த ஒயரை மறுபடி ஒட்ட வைத்தான். மறுபடி தட்டியபோது மூன்றாவதும் பேசியது. குமிழைத் திருப்பினான். சிதார் பட்டறை முழுக்கக் கேட்டது.

பின் மூடியில் கடைசித் திருகை அவன் முடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவன் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எதற்கு வந்த வேன் என்று கேட்கவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“உன்கிட்ட சொன்ன அன்னைக்கே அண்ணன் எனக்கும் போன் பண்ணிட்டாரு. நீ சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான், நீ சொல்லுவன்னு ஒவ்வொரு ஒயரா வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவன் இல்லாமல் நான் மேடை ஏறப் போவதில்லை, அண்ணனிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவன் அயர்னை ஈரப் பஞ்சில் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

“இப்ப சொல்றது எனக்காக இல்லடா. காலைல போன்ல கேட்ட பாரு, அதுக்காகச் சொல்ற. போ, நேரமாவுது.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வேனை ஒட்டித்தான் போனான். அண்ணன் கை அசைத்தார், அவனும் அசைத்தான். நான் கிடாரைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம். ஏறினேன்.

கச்சேரி நன்றாக நடந்தது. சிதார் வந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது. நாலாவது பாட்டின் நடுவில் எனக்கு விரல் தடுக்கியது. மூடுவதற்கு ஆள் இல்லை. பாதித் தாளம் வெற்றாகப் போய், தபலாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. அவன் அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் வாசிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கும்பகோணம் போகும்போதெல்லாம் அவன் கடையைத் தாண்டித்தான் போகிறேன், வண்டியை நிறுத்தியதில்லை. கிடாரை மழையிலும் புழுதியிலும் கொண்டு போகிறேன், வேனில் மற்ற சாமான்களோடு போடுகிறேன். அவன் வைத்த சால்டர் ஒன்றுகூட இதுவரை விடவில்லை. விட்டிருந்தால், அவனைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.