ஜிம்மி உழவு இயந்திரத்தில் ஏறிய கதை

எங்கள் குடும்பத்தில் மாடு பழக்கியவர்கள் உண்டு, கிளிக்குப் பேச்சுப் பழக்கியவர்கள் உண்டு. நாயை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறப் பழக்கியவள் நான் ஒருத்திதான். அதையும் பத்து வயதிலேயே செய்தேன் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

அப்போது நாங்கள் நெளுக்குளத்தில், சித்தப்பாவின் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். போர் முடிந்து முகாமிலிருந்து வந்து ஏழெட்டு வருடமாக அங்கேதான் ஒதுங்கியிருந்தோம். அக்கராயனில் எங்கள் காணியைத் துப்புரவாக்கி, வீடும் கூரை வரை வந்திருந்தது. சிறுபோக அறுவடை முடிந்ததும் சாமான்களைச் சித்தப்பாவின் உழவு இயந்திரத்தில் ஏற்றுவதென்றும், அம்மா மட்டும் பஸ்ஸில் வருவதென்றும் முடிவாயிற்று. அம்மா உழவு இயந்திரத்தில் ஏறுவதில்லை. கோயிலுக்கு எல்லோரும் பெட்டியில் ஏறிப் போனாலும், வெயில், தூசி, இடுப்புவலி என்று எதையாவது சொல்லிப் பஸ்ஸுக்கு நிற்பார். அம்மா கொஞ்சம் நாகரிகம் பார்க்கிறவர் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஜிம்மியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நாயைப் பஸ்ஸில் ஏற்ற எந்தக் கொண்டக்டரும் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் வேண்டாத நாய் பூனையை உரப்பைக்குள் கட்டி, எட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஜிம்மியும் அப்படி ஏதோ ஒரு வாகனத்திலிருந்து குளக்கட்டில் எறியப்பட்ட குட்டிதான். பையை அவிழ்த்து எடுத்து வந்தவர் அம்மா. இயந்திரம் இரைந்தாலே அதற்கு வாயில் நுரை வடியும். ஓடிப்போய் விறகுக் குவியலுக்குள் புகுந்துவிடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சித்தப்பாவுக்கு ஆத்திரம்கூட இருக்கவில்லை. எல்லாம் தெரிந்த மனிதர், ஓட்டிப் பார்ப்போம் என்று சொல்லி அதை ஓர் உரப்பைக்குள்ளேயே கட்டி, தலையை மட்டும் வெளியே விட்டுப் பெட்டியில் ஏற்றினார். வாசல் படலை தாண்டுமுன் ஜிம்மி பையைக் கிழித்துக்கொண்டு குதித்தது. பிறகு பல நாள் நொண்டித் திரிந்தது. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போவோம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

நான் சாப்பிடாமல் கிடந்து அழுதேன். கடைசியில், புறப்படுவதற்குள் பழக்கிக் காட்டினால் கொண்டுபோகலாம் என்று அப்பா இறங்கி வந்தார்.

இயந்திரம் ஓடாமல் நிற்கும்போது அதன் சில்லடியில் சோற்றை வைக்கத் தொடங்கினேன். ஜிம்மி எட்டி நின்று பார்க்கும், பசி வந்தால் கிட்ட வரும். பிறகு சோறு பெட்டிக்குள் போயிற்று, அதுவும் பின்னால் ஏறிற்று. இனி இயந்திரத்தை இயக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. பெரிய ஆள் ஒருவர் பெட்டிக்குள் இல்லாமல் என்னை ஏறவிடமாட்டேன் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா கூலி வேலைக்குப் போய்விடுவார். சித்தியோ நிறைமாதக் கர்ப்பிணி. மிஞ்சியது அம்மாதான்.

அம்மா முதலில் பெட்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். பிறகு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு விளிம்பில் இருந்தார். நாயே ஏறிவிட்டது, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபமாக இருந்தது. ஒருநாள் உள்ளே வந்து இருந்தார். இயந்திரம் இரைந்ததும் அவருடைய உதடு நடுங்கியது. பெட்டி இப்படி ஆடினால் யார்தான் ஆடமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு, ஜிம்மிக்குச் சுட்ட கருவாட்டுத் தலையும் அம்மாவுக்கு ஒரு தோடம்பழ இனிப்பும் கொடுத்தேன்.

“பயப்பிடாதைங்கோ அம்மா. அது உங்கடை முகத்தைத்தான் பாக்குது,” என்றேன்.

அம்மா இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு ஜிம்மியின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். அதன்பின் வளவுக்குள் ஓடினோம், ஒழுங்கை முகப்பு வரை ஓடினோம், அரிசி ஆலை வரைக்கும் போய்வந்தோம். சித்தப்பா கியரை வெடுக்கென்று மாற்றினால் பின்னாலிருந்து ஏசுவேன். மாப்பிள்ளையை ஏற்றி வருகிறவர் போல மெல்ல ஓட்ட அவரும் பழகிக்கொண்டார்.

புறப்படும் நாளில் சில்லின் கீழே தேசிக்காய் வைத்தோம். ஜிம்மி தானாகவே பாய்ந்து ஏறிப் பாய்க்கட்டின்மேல் படுத்துக்கொண்டது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஜிம்மிக்குப் பின்னால் அம்மாவும் ஏறினார். சாமான்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார்.

“நீர் பஸ்ஸிலை வரேல்லையோ?”

“ஜிம்மி தனியப் பயப்பிடும். நான் இதிலையே வாறன்,” என்றார் அம்மா.

 அப்பா கட்டி முடித்த முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல நாங்களும் நிறுத்தினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஜிம்மி குறட்டை விட்டுத் தூங்கியது. அம்மாவின் கை மட்டும் இன்னும் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அது நித்திரையாகிவிட்டது, இனிக் கையை எடுக்கலாம் என்று சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

அக்கராயனில் இறங்கியதும் பக்கத்து வளவுச் சனம் கூடிவிட்டது. நாய் பழக்கிய கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அப்பா என் தலையில் கையை வைத்தார்.

“ரெண்டு பேரைப் பழக்கினவள்,” என்று அவர்களிடம் சொன்னார்.

மற்ற ஆள் சித்தப்பா என்று நினைத்தேன். வளர்ந்த ஆளொருவரையும் பழக்கிவிட்டேனே என்று பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

போரின் கடைசி இடப்பெயர்வில் இப்படியொரு பெட்டிக்குள்தான் அம்மா சின்னக் குழந்தையான என்னை மடியில் அமத்திக்கொண்டு வந்தார் என்பதோ, அவரோடு ஏறிய அவருடைய தங்கச்சி உயிரோடு இறங்கவில்லை என்பதோ அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் நாய் பயப்படாமல் வீடு வந்து சேர்ந்தது என்பதும், அதைச் செய்தவள் நான் என்பதும்தான்.