நான்காம் ஸ்தலத்தில் மடங்கிய கால்கள்

ஆண்டவரை நம்பி இதைக் கையில் எடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, என் குழந்தையை அடக்கம் செய்த நாளிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் இது வேறு யாரோ ஒருத்தியின் சாட்சியாகிவிடும்.

பெண் குழந்தை. வயிற்றுக்குள் ஆறாம் மாதத்திலேயே இதயம் நின்றுவிட்டது. பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து ஜெபித்தார். என் கணவர் ஸ்டீபன் பெட்டியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவ்வளவு சிறிய பெட்டி. இன்னொரு கையால் என்னைப் பிடித்திருந்தார்.

காரணம் என் ரத்த அழுத்தம் என்றார்கள். கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே அது அதிகமாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், ஏறியது. இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள், மறுபடியும் ஏறியது. பிரசவத்துக்குப் பிறகு தானாக இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். குழந்தை போய்விட்டது. அழுத்தம் மட்டும் போகவில்லை.

என் பெயர் ரீட்டா. முத்தியால்பேட்டையில் குடியிருக்கிறோம். நான் கருவிப் பொறியியல் படித்தவள். புதுச்சேரிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறேன். கொதிகலனில், நீராவிக் குழாயில் மாட்டியிருக்கும் மானி உண்மையைச் சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஊரில் உள்ள எல்லா அழுத்தத்தையும் சரிபார்க்கிறவளுக்குத் தன் உடம்பில் இருப்பதை அடக்க முடியவில்லை.

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். உப்பைக் குறைத்தேன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் நிறுத்தினேன். காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். வீட்டில் இருந்த பிபி கருவியைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், எங்கள் மூல மானியோடு ஒப்பிட்டுக்கூடப் பார்த்தேன். கருவியில் பிழை இல்லை. பிழை என்னிடம் இருந்தது.

நாங்கள் போய்க்கொண்டிருந்த சின்ன கிளினிக்கில், "டென்ஷன்மா. துக்கம் வேற. மனச லேசா வெச்சிக்குங்க" என்றார்கள். மூன்றாவதாக ஒரு மாத்திரை எழுதினார்கள். என் மாமியாரோ வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார்.

"அந்த மெஷின கட்டிக் கட்டிப் பாத்துக்கிட்டே கெடந்தா ஏறாம என்னா பண்ணும்? ஒரு நாளு அத தூக்கிப் பரண்ல போடு, தானா எறங்கும்."

"பரண்ல போட்டா எனக்குத் தெரியாதே தவிர, எறங்காது அத்தே."

"வாய் மட்டும் கொறையாது ஒனக்கு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேத்திக்கு என்று தைத்து வைத்திருந்த துணிகளை நான் பார்க்காத இடத்தில் ஒளித்து வைத்தவர் அவர்தான்.

இன்னொரு குழந்தை பற்றிக் கேட்டபோது கிளினிக் மருத்துவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இந்த அழுத்தத்தோடு மறுபடி கர்ப்பம் தரித்தால் என் உயிருக்கே ஆபத்து என்றார். கர்ப்பம் இல்லாவிட்டாலும், இப்படியே போனால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம், சிறுநீரகம் கெடலாம் என்றார். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தினமும் தலைவலியோடு எழுந்தேன். அடிக்கடி சிறுநீர் போனது, தாகம் எடுத்தது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. தொழிற்சாலையில் ஏணி ஏறினால் தொடை நடுங்கியது. களைப்பு என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் இதமாக இருந்தது. ஸ்டீபன் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறார். வேலை முடிந்து திரும்பும்போது எனக்கு இளநீர் வாங்கி வருவார். உடம்புச் சூடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அவருடைய மருத்துவம். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. குடித்தால் கால் பிடிப்பு குறையும். ஏன் குறைகிறது என்று நான் யோசிக்கவில்லை.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. "குணமாக்கும்" என்று கேட்க வாய் வரவில்லை. குழந்தைக்காக அந்த வார்த்தையைத்தான் கேட்டிருந்தேன். மாதா பீடத்துக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். தவக்காலம் தொடங்கும் முன் ஒரு மாலையில் என்னை அறியாமல் வேறு ஒன்றைக் கேட்டேன். தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் நின்றால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அது.

"ஆண்டவரே, பழுது எங்கே என்று மட்டும் காட்டும்."

அதற்காக அந்தத் தவக்காலத்தில் எனக்குப் பிடித்த ஒன்றை விட்டு ஒறுத்தல் செய்வது என்று தீர்மானித்தேன். மீன், கறி என்று கவிச்சியை எல்லோரும்தான் விடுகிறார்கள். அதை விடுவது எனக்குக் கஷ்டமும் இல்லை. நான் இளநீரை விட்டேன். கூடவே பழங்களையும் விட்டேன். மாத்திரைகளை நிறுத்தவில்லை.

ஸ்டீபனுக்கு இது பிடிக்கவில்லை. "அவனவன் பிரியாணிய விடறான், பீடிய விடறான். நீ எளநிய விடறியா? சாமியா கேட்டாரு?"

"அவரு ஒண்ணும் கேக்கல. நான்தான் அவருகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்."

சில வாரங்களில் மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருந்தது. தலை வாரும்போது கை தானாகக் கீழே இறங்கியது. உபவாசக் களைப்பு என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை எங்கள் தெருக்களில் நடந்தது. சாமியார் கையில் கம்பியில்லா மைக், ஊர்வலத்தின் கடைசியில் ஸ்டீபனின் ஐஸ் வண்டி, அதன் கூரையில் ஒலிபெருக்கி. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். நான் பாடல் குழுவோடு நடந்தேன். மூன்று ஸ்தலங்களில் முழங்காலிட்டேன். மூன்றிலும் பக்கத்தில் இருந்த தெரசாக்காவின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

நான்காம் ஸ்தலம், இயேசு தம் தாயைச் சந்திக்கும் இடம். முழங்காலிட்டோம். ஜெபம் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழ முயன்றேன். கால்கள் வரவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. என் சொல்லைக் கால்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தெரசாக்கா நின்றபடியே திரும்பிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னார்:

"விடுங்க. அழுவட்டும். தாய் மனசு இல்லியா."

அந்த ஸ்தலத்தில் குழந்தையை இழந்த ஒருத்தி முழங்காலில் இருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? மரியாதையோடு என்னைச் சுற்றி நடந்து போனார்கள். இரண்டொருவர் என் தலையைத் தொட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார்கள். கூப்பிட்டேன். என் குரல் பாட்டில் மூழ்கியது. நான் அழவில்லை. குனிந்து பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். அத்தனை அன்பான மனிதர்களுக்கு நடுவில், தெருவின் சிமெண்டுத் தரையில், தன்னந்தனியாக இருந்தேன். செத்துப்போவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். அதை விடக் கொடுமை, எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லாமல் இருந்ததுதான்.

கடைசியாக ஐஸ் வண்டி வந்து நின்றது. ஸ்டீபன் இறங்கினார்.

"ரீட்டா, அழுவாத, எழுந்திரு."

"அழுவல. காலு வரல."

என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தூக்கி முன் இருக்கையில் போட்டு வண்டியைத் திருப்பினார். ஒலிபெருக்கியை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் ஊர்வலத்தில் சாமியார் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் வரை அவர் குரல் எங்கள் தலைக்கு மேல் ஒலித்துக்கொண்டே வந்தது. ஐந்தாம் ஸ்தலம்: சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுகிறான். பிறகு கரகரத்து நின்றுவிட்டது. ஊர்வலம் மீதி வழியை ஒலிபெருக்கி இல்லாமலே முடித்தது என்று பிறகு அறிந்தேன்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், இதயத்தின் மின்வரைபடம் எடுத்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் கீழே போயிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கால்களைப் போல இதயமும் நின்றிருக்கலாம். பொட்டாசியத்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கை முழுக்க எரிந்தது.

என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருந்த ஒரு பெண் மருத்துவர் வந்து வரிசையாகக் கேள்வி கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. "இப்ப சமீபமா எதையாவது புதுசா ஆரம்பிச்சீங்களா? எதையாவது நிறுத்தினீங்களா?"

நான் சொல்வதற்குள் ஸ்டீபன் பொரிந்தார். "எளநிய நிறுத்தினா டாக்டர். சாமிக்காம்!"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அதுக்கு முன்னாடி தெனம் குடிச்சீங்களா?"

"தினமும். பழமும் நிறைய" என்றேன்.

"அப்ப பொட்டாசியம் பாத்தாங்களா?"

"நார்மல்னு வந்தது."

"வந்திருக்கும். எளநிலயும் பழத்துலயும் பொட்டாசியம் நெறைய. உள்ள ஓட்டை. நீங்க மேல ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க."

பிறகு அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரீனல் என்று பெயர். அதிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். சுரப்பியில் ஒரு கட்டி வந்தால் உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். உப்பு தேங்கும், தண்ணீர் தேங்கும், அழுத்தம் ஏறும். பொட்டாசியம் வடிந்து தசைகள் ஓயும். நாங்கள் இதுவரை குழாயைப் பார்த்தோம், பம்பைப் பார்த்தோம். பம்புக்கு உத்தரவு போடுவது யார் என்று பார்க்கவே இல்லை.

"சின்ன வயசு, மூணு மாத்திரைக்கும் அடங்காத பிபி, இப்ப இது. டென்ஷன்னு என்னால சொல்ல முடியாதும்மா. தேடிப் பாத்துடலாம்."

பழுது எங்கே என்று காட்டும்படி கேட்டிருந்தேன். அதற்காக எதை விட்டேனோ, அதுதான் பழுதை மூடி வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை உணர்ந்தபோது எனக்கு ஆனந்தம் வரவில்லை. பயம் வந்தது. என் ஜெபம் கேட்கப்பட்டிருக்கிறது என்ற பயம்.

அந்தப் பயத்தோடு அவரிடம் ஒன்று கேட்டேன். "என் கொழந்த போனதும் இதனாலதானா?"

அவர் என் கையைப் பிடித்தார். "இருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது."

பொய் சொல்லாததற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். இடது சுரப்பியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. அறுவைக்கு முன் சாமியார் வந்து எனக்கு எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் என்ற அருட்சாதனம் கொடுத்தார். மாமியார் வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். கட்டியோடு அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. மூன்று மாத்திரைகள் ஒரே ஒரு சிறிய மாத்திரையாகின. அதுவும் போகுமா என்று தெரியாது, போகாவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்ச காலத்துக்கு இளநீர் அதிகம் வேண்டாம், இப்போது பொட்டாசியம் கூடிவிடக் கூடும் என்றார் மருத்துவர். ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குடிச்சாலும் தப்பு, குடிக்காட்டாலும் தப்பு. நான் இனிமே வெறும் ஐஸ்தான் வாங்கியாருவேன்."

இன்னொரு குழந்தை வருமா? முயற்சி செய்யலாம் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும் நாள் வரை வரவில்லை. வந்தால்தான் இது சாட்சி என்று நான் காத்திருக்கவில்லை.

நம்பிக்கையுள்ளவர்களே, உங்களிடம் சில காரியங்கள் கேட்கிறேன். இளம் வயதில் அழுத்தம் ஏறி மாத்திரைக்கு அடங்காவிட்டால், அட்ரீனல் சுரப்பியைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய் திறந்து கேளுங்கள். நோன்பு என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், உணவை மாற்றினால் அவரிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடமும் வாய் திறந்து கேளுங்கள். "குணமாக்கும்" என்று சொல்ல முடியாத அளவுக்கு உடைந்திருந்தால், சொல்ல முடிந்ததைக் கேளுங்கள். பதில் நாம் விரும்பும் உருவத்தில் வருவதில்லை. எனக்கு அது தெருவில், முழங்காலில் வந்தது.

இந்தத் தவக்காலத்திலும் சிலுவைப்பாதையில் நடந்தேன். நான்காம் ஸ்தலத்தில் அதே சிமெண்டுத் தரை. முழங்காலிட்டதும் தெரசாக்கா ஒரு கையை என் பக்கம் நீட்டித் தயாராக வைத்திருந்தார். பின்னால் ஸ்டீபன் வண்டியிலிருந்து பாதி இறங்கி நின்றார். என் மகளுக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அதைச் சொன்னேன். இந்த முறை அழுதேன். ஜெபம் முடிந்தது. யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்தேன்.