உப்பில் வெட்டிய பங்கர்

பத்து வயதில் நான் ஒரு பாலைவனம் செய்தேன். அதற்காக அம்மாவிடம் முதலில் கேட்டது இரண்டு சுண்டு ரவை. “சாப்பாட்டுச் சாமானிலை விளையாட்டு வேண்டாம்” என்று சொல்லி, அம்மா ரவைப் போத்தலை எடுத்து எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டார்.

பாலைவனம் செய்யவேண்டும் என்று எனக்கு ஒன்றும் நேர்த்திக்கடன் இல்லை. மொன்றியலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கண்காட்சி வைப்பது வழக்கம். ஆளுக்கொரு துண்டு எடுக்கவேண்டும். துண்டில் உலகத்தின் ஓர் இடம் எழுதியிருக்கும். அந்த இடத்தின் வரலாற்றை எழுதி, மாதிரியும் செய்துகொண்டு வரவேண்டும். என் பக்கத்து மேசைப் பிள்ளைக்கு எகிப்துப் பிரமிட்டுகள் விழுந்தன. எனக்கு அமெரிக்காவின் தென்பகுதியில், ரொக்கெட்டுகளையும் ஏவுகணைகளையும் ஏவிச் சோதிக்கிற ஒரு வெள்ளை மணல் பாலைவனம் விழுந்தது.

முதலாவதாக வருகிற கைவேலை கோடை விடுமுறை வரை நூலகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அதற்கு முந்திய இரண்டு வருடமும், வேறு போட்டிகளில், அந்தப் பெட்டிக்குள் போனது பக்கத்து மேசைப் பிள்ளையின் கைவேலைதான். எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். பசி, தாகம் என்று சொல்வார்களே, அந்த வகையான ஆசை.

ரவைப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தவர் அப்பா. அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். எங்கள் வீட்டுக்கு ஏறுகிற இரும்புப் படிகள் கட்டடத்துக்கு வெளியே இருந்ததால், பனி இறுகி ஆள் வழுக்கி விழாமல் இருக்கப் படிகளில் உப்புப் போடவேண்டும். அந்த உப்பு மூட்டையில் பாதியை அப்பா ஒரு பெரிய மட்டைப் பெட்டிக்குள் கொட்டித் தந்தார். வெள்ளை வெளேரென்று பாலைவனம் தயாராகிவிட்டது. மட்டைக் குழாயில் ரொக்கெட், ஈர்க்கில் ஏவுகோபுரம், பிற்பாடு நெருப்புப்பெட்டியில் ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் கடதாசி மாடுகள் மூன்று.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான்காவது ஆள் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தவர். போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, இலையுதிர்காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். சித்தப்பாவும், என்னைவிட இரண்டு வயது குறைந்த அவர்களின் மகனும் வரவில்லை. அவர்களைப் பற்றிக் கேட்டால் அப்பா “இப்ப இல்லை” என்பார். அம்மா “காணேல்லை” என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

வந்த நாளிலிருந்து, குடிவரவுக் கடதாசி வேலைகளுக்காக இரண்டு தடவை அப்பாவோடு போனதைத் தவிர, சித்தி அந்தப் படிகளில் இறங்கவில்லை. அம்மா தன் குளிர்கோட்டைத் தருவார், சப்பாத்தைத் தருவார், கடைக்குப் போவோம் என்பார், கோயிலுக்குப் போவோம் என்பார். “பேந்து பாப்பம் அக்கா” என்பார் சித்தி. அந்தப் ‘பிறகு’ வருவதாக இல்லை. அம்மா குசினிக்குள் போய் அழுவது எனக்குத் தெரியும். அழுது முடித்து வெளியே வந்து, தேவையில்லாமல் என்னை ஏசுவதும் தெரியும்.

பின்னேரங்களில் நான் வேலை செய்கிற மேசைக்கு எதிரே சித்தி வந்து இருப்பார். பிரெஞ்சில் வாசித்ததை என் அரைகுறைத் தமிழில் அவருக்குச் சொல்வேன். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்த பெருமை எனக்கு. வேறொரு நாடு செய்த ரொக்கெட்டுகளை இரண்டாம் உலகப் போரில் பிடித்து, ரயில் ரயிலாக அந்தப் பாலைவனத்துக்குக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். கணினியில் ஒரு பழைய படமும் போட்டுக் காட்டினேன். பத்து, ஒன்பது என்று எண்ணி, புகை கிளம்பி, ரொக்கெட் ஏறி, ஒரு புள்ளியாகி மறைந்தது. நான் கைதட்டினேன்.

சித்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “விழுந்தது எங்கை?” என்று கேட்டார்.

“விழுந்ததைக் காட்டேல்லை சித்தி.”

“ஏறினது எண்டால் எங்கையோ விழுந்திருக்குமே.”

அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கவில்லை. மறுநாள் நூலகத்தில் தேடினேன். பெரும்பாலும் மணலில்தான் விழுந்திருந்தன. ஒன்று மட்டும் வழிதவறி, எல்லை தாண்டி, பக்கத்து நாட்டு ஊரொன்றின் சுடலைக்குக் கிட்டப் போய் விழுந்து பெரிய குழி கிண்டியிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அது வெறும் பாலைவனம் இல்லை. மாடு வளர்க்கிற குடும்பங்கள் அங்கே இருந்தன. போர் முடியத் திரும்பி வரலாம் என்று சொல்லி அவர்களை வீட்டைவிட்டு எழுப்பினார்கள். போர் முடிந்தும் ஒருவரையும் திரும்ப விடவில்லை. இதை நான் சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, “எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவங்கள்” என்றார். பலாலிப் பக்கத்தில் ஆமிக்காரரின் வேலிக்குள் போன தன் வீட்டை நினைத்து அவர் சொன்னது அது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. என் கட்டுரை அமெரிக்காவைப் பற்றியது.

சித்தியின் கேள்வி வேறு, பதுங்குகுழியைப் பற்றியது. “அந்த ஆக்களுக்குப் பங்கர் இருந்ததோ?”

“ரொக்கெட் விடுற ஆக்களுக்கு இருந்தது சித்தி. கொங்கிறீற்றிலை, தடிச்ச சுவர் வைச்சு.”

“வீட்டிலை இருந்த சனத்துக்கு?”

“புத்தகத்திலை இல்லை.”

“அதில்லாமல் என்னெண்டு இருந்தவை?” என்றார் சித்தி. தன்னிடமே கேட்டதுபோல இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, என் பாலைவனத்தில் நெருப்புப்பெட்டி வீட்டுக்குப் பின்னால் ஒரு பங்கர் இருந்தது. தேக்கரண்டியால் உப்பைத் தோண்டி, உள்ளே மட்டை வைத்து, மேலே ஐஸ்கிறீம் குச்சிகளைக் குறுக்காக அடுக்கி, அவற்றின் மேலும் ஓரங்களிலும் சின்னச் சின்ன மூட்டைகள். பட்டுத் துணியில் தைத்த மூட்டைகள். கடும் சிவப்பு, ஓரத்தில் பொன் சரிகை. ஒவ்வொன்றும் என் பெருவிரலளவு. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருந்தன. ஒன்றை அமர்த்திப் பார்த்தேன். உள்ளே ரவை. எனக்கு மறுத்த ரவையை அம்மா சித்திக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு உடனே கோபம் வந்தது.

சித்தி என் கையைப் பிடித்துக் காட்டினார். வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

“நேராய் வெட்டக்கூடாது பிள்ளை. ஒரு பக்கத்திலை விழுந்தால் மற்றப் பக்கத்துக்கும் அடிக்கும். இப்பிடி ஒரு மடக்கு மடக்கவேணும். களிமண் எண்டால் சுவர் நிக்கும். இது மணல், சரிஞ்சுபோம். அதுக்குத்தான் மூட்டை. மூட்டையின்ரை வாய்ப்பக்கம் உள்ளுக்கை வரவேணும்.”

“எத்தினை பேர் இருக்கலாம்?”

“மூண்டு பேர். நெருக்கி இருந்தால் நாலு.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தி தானாகவே சொன்னார், “சனிக்கிழமை நானும் வாறன், பிள்ளையின்ரை கண்காட்சியைப் பாக்க.” அம்மா கறிச்சட்டியைக் கையில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து போய், சித்தியின் காலுக்கு அம்மாவின் சப்பாத்து அளவோ என்று வைத்துப் பார்த்தார். அந்த இரண்டு நாளும் வீட்டில் வேறு பேச்சு இல்லை. அம்மா யாருக்கோ தொலைபேசியில் மெதுவாக, “ஓம், தானாத்தான் கேட்டவள்” என்று சொல்வது கேட்டது. சித்தி என்னைப் பார்க்க வருகிறார் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா பாலைவனத்தைக் காரில் வைத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போனார். பக்கத்து மேசைப் பிள்ளை வந்து பார்த்தாள். “இந்தத் தலையணைகள் மாடுகளுக்கா?” என்று பிரெஞ்சில் கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆசிரியை நல்லவர். என் பக்கத்தில் முழங்காலில் இருந்து, பங்கரைக் கவனமாகப் பார்த்தார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். புத்தகத்தில் இல்லை என்றேன். அப்படியானால் இதைப் பார்த்தவர் யாராவது உனக்குச் சொன்னாரா என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். நான், “இல்லை மதாம், என் சித்தி விளையாட்டுக்குச் செய்தது” என்றேன். அவர், வைப்பதும் எடுப்பதும் உன் விருப்பம் என்று சொல்லிப் போனார்.

நான் கண்ணாடிப் பெட்டியை நினைத்தேன். பிறகு குச்சிகளை எடுத்தேன், மட்டையை உருவினேன், அடிமட்டத்தால் உப்பை இழுத்து மட்டப்படுத்தினேன். பதினொரு மூட்டைகளையும் வாரி, கைகழுவுகிற இடத்துக்குக் கீழே இருந்த குப்பைவாளிக்குள் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலை சித்தி வந்தார். அவர் படிகளில் இறங்கியதை நான் பார்க்கவில்லை, முன்னரே வந்துவிட்டேன். ஒவ்வொரு படியிலும் உப்பு நெரிபடுகிற சத்தத்துக்கு நின்று நின்று இறங்கினார் என்று அப்பா பிறகு சொன்னார். மண்டபத்துக்குள் அம்மாவின் கோட்டுக்குள் மிகவும் சின்ன ஆளாகத் தெரிந்தார். வேறெதையும் பார்க்காமல் நேரே என் மேசைக்கு வந்தார்.

வீட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பார்த்தார். பெட்டியைச் சுற்றி மற்றப் பக்கத்தால் வந்தும் பார்த்தார். பிறகு அந்த இடத்தில், மிகச் சரியாக அந்த இடத்தில், விரல் நுனியை உப்பில் வைத்தார்.

“பங்கரைக் காணேல்லை” என்றார்.

பொய் எனக்குத் தட்டில் வைத்துத் தந்ததுபோல வந்தது. “ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட்டுப் போட்டினம் சித்தி. அதுதான் மூடினான்.”

“எல்லாருமோ?”

“ஓம்.”

சித்தி விரலை எடுக்கவில்லை. “மூடேக்கை உள்ளுக்கை பாத்தனியோ?”

“பாத்தனான். ஒருத்தரும் இல்லை.”

“வடிவாய்ப் பாத்தனியோ பிள்ளை?”

“வடிவாய்ப் பாத்தனான் சித்தி.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அப்ப சரி” என்று சொல்லி, விரலில் ஒட்டிய உப்பைக் கோட்டில் துடைத்துவிட்டு, பிரமிட்டுகளைப் பார்க்கப் போனார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த முறையும் போனது பக்கத்து மேசைப் பிள்ளையின் கைவேலைதான். வீட்டில் அம்மா அந்த மூட்டைகள் எங்கே என்று கேட்டார். ரீச்சர் வைத்திருக்கிறா என்றேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தபோது வாளியில் புதுப் பை போட்டிருந்தது. அடுத்த கிழமை பனி கொட்டியது. படிகளுக்கு உப்புப் போடச் சித்தி தானே இறங்கினார். அதற்குப் பிறகு கடைக்குப் போனார், கோயிலுக்குப் போனார், பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். இன்று பக்கத்து நகரமான லவாலில் சின்னப் பிள்ளைகளின் காப்பகம் ஒன்றில் சமைக்கிறார்.

போன வருடம் என் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்கப் போனோம். கடையில் சித்தி ஒரு சிவப்புக் கூறையை விரித்து, சரிகையைத் தடவிப் பார்த்து, “இதை எடு பிள்ளை” என்றார். அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில்தான், காருக்குள் அம்மா எனக்குச் சொன்னார்.

கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் பங்கர் வெட்டியபோது சாக்குக் கிடைக்கவில்லையாம். பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார்களாம். சித்தியும் ஒவ்வொன்றாக வெட்டினார், கடைசியில் கூறையையும் வெட்டினார். முந்தானையில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஒருநாள் கஞ்சிக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, பங்கர் இருந்த இடம் மண்ணோடு மண்ணாக மட்டமாகிக் கிடந்தது. சித்தப்பாவும் மகனும் அதற்குள் இருந்தார்களா, அதற்கு முன்னரே எழும்பி ஓடினார்களா, தெரியாது. தோண்டிப் பார்க்க ஷெல்லடி விடவில்லை. ஓடுகிற சனம் அவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஒரு முழத் துண்டை மடியில் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போய், அதோடேயே எங்களிடம் வந்து சேர்ந்தார்.

“உன்ரை விளையாட்டுக்கு எண்டு அதை வெட்டேக்கை நான் வேண்டாம் எண்டனான்” என்றார் அம்மா. “அவள் கேக்கேல்லை.”

காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு அழுதேன். பதினொரு மூட்டைகளும் எங்கே போயின என்பதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கு அந்த மண்டபத்தில், உப்பில் விரலை வைத்தபடி, இரண்டு தரம் கேட்டாரே. நான் இரண்டு தரமும் தயங்காமல் பதில் சொன்னேன். “அப்ப சரி” என்று அவர் திரும்பி நடந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி நம்பிவிட்டார், நான் தப்பிவிட்டேன் என்பது மட்டும்தான்.