ஒட்டுக் கடை ஓய்ந்திருந்த அரை மணி நேரம்

இரண்டாயிரமாம் ஆண்டு, அறுவடைக் காலம். வவுனியா நகரில் ஒரு சின்னத் தொண்டு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே நான்கு கொம்பியூட்டர்கள் இருந்தன. மூலை மேசையில் இருந்த ஒன்றைத்தான் ‘சேர்வர்’ என்று பெருமையாகச் சொல்வோம். ரெலிபோன் வயர் மோடத்துக்கு வரும், மோடத்திலிருந்து சேர்வருக்கு, அங்கிருந்துதான் எல்லோருக்கும் இன்டர்நெட். மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்புக் கிடைத்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சத்தத்தை நினைத்தால் அந்த அறையின் வெக்கையும் பிளேன்ரீ வாசமும் கூடவே வந்துவிடுகின்றன.

கொம்பியூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே இணைப்பு அறுந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அந்த நாட்களில் அது அறுந்துகொண்டே இருந்தது. காலை முழுக்க நன்றாக இருக்கும், மத்தியானம் திடீரென்று போகும். சில நாட்களில் ஒரு பிரச்சினையும் இராது. நான் வயரை மாற்றினேன். சேர்வரில் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன். ரெலிபோன் ஆட்கள் வந்து பார்த்து, “லைனில பிழை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யூ.பி.எஸ்.ஸின் பற்றரி செத்துப்போனதால் மோடத்தை நேரே சுவர் பிளக்கில் செருகியிருந்தோம். கொழும்பிலிருந்து புதிய பற்றரி வரும்வரை அப்படித்தான். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அப்படி ஒரு மத்தியானத்தில் கனகராயன்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பத்தவர். ஆறு வயது மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. வெளிநாட்டு வைத்தியர்கள் சிலர் கொழும்புக்கு வந்து பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்ய இருந்தார்கள். அன்று மாலைக்குள் ஸ்கேன் படங்களைப் பார்த்தால்தான் இவருடைய மகளையும் சேர்ப்பார்கள். ஃபக்ஸில் அனுப்பினால் படம் வெறும் கறுப்பாகத்தான் போகும். பெரிய படமாக ஈமெயிலில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யுத்த காலம் அது; போர்முனைக்கு அப்பால் இருந்த வன்னியை விட்டு வெளியே வர அவருக்குக் கிடைத்த பாஸும் அன்றோடு முடிகிறது. சோதனைச் சாவடி மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அவர் கொண்டுவந்த படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றி அனுப்பத் தொடங்கினேன். பாதி போனதும் அறுந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். திரும்பவும் அறுந்தது. அவர் கதிரையின் நுனியில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், மறுபடியும் நின்னுடுச்சுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். அங்கே பல்ப் ஒரு கணம் மங்கிப் பிறகு பிரகாசமாயிற்று. குனிந்தால், மோடத்தின் சிவப்பு விளக்குகள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எரிகின்றன.

வெளியே ஓடினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒட்டுக் கடையில், அதுதான் வெல்டிங் கடையில், நீல வெளிச்சம் பளிச்சிட்டது. அவர்கள் இரும்பை ஒட்டும்போதெல்லாம் எங்கள் பக்கம் கரண்ட் இறங்குகிறது. நானோ சேர்வருக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்!

கடையில் ஓர் உழவு இயந்திரம் நின்றது. அது பின்னால் இழுக்கும் பெட்டியைக் கொளுவும் இரும்பு உடைந்திருந்தது. அதைத்தான் கடைக்காரர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஒரு அரை மணித்தியாலம் நிப்பாட்டுவீங்களோ? நீங்கள் ஒட்டேக்கை எங்கட இன்டர்நெட் அறுந்து போகுது” என்றேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். உழவு இயந்திரத்தின் சொந்தக்காரர், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு கமக்காரர்.

“என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்?” என்று அவர் சத்தம் போட்டார். “நெல்லு மூட்டை கட்டினபடி வயலுக்கை கிடக்குது. வானத்தைப் பாத்தனீங்களோ? இதை ஒட்டிக்கொண்டு போய் ஏத்தாட்டி நான் பட்ட பாடெல்லாம் வீண்!”

வானம் உண்மையிலேயே கறுத்திருந்தது. அவருடைய கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. என்றாலும் சொன்னேன். “ஒரு சின்னப் பிள்ளையின்ர இருதய ஒப்பரேசன் அலுவல் ஐயா. படம் இண்டைக்கே போகோணும். தகப்பன் உள்ளுக்கை இருக்கிறார்.”

கமக்காரர் மதிலுக்கு மேலால் எங்கள் அலுவலகத்தைப் பார்த்தார்.

“எத்தினை வயசு?”

“ஆறு.”

வானத்தை இன்னொரு தரம் பார்த்தார். “நிப்பாட்டு தம்பி” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியின் விளிம்பில் போய் இருந்தார். “நீங்கள் போய் அனுப்புங்கோ. முடிஞ்ச உடனை வந்து சொல்லுங்கோ.”

திரும்பவும் முதலிலிருந்து அனுப்பினேன். எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டும் கோடு நத்தையாக ஊர்ந்தது. பாதியைத் தாண்டியபோது தகரக் கூரையில் மழை சடசடத்தது. வயலில் கிடக்கும் மூட்டைகளை நினைத்தேன். ஆனால் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. படங்கள் போய்ச் சேர்ந்தன. கிடைத்துவிட்டது என்று பதிலும் வந்தது.

நனைந்துகொண்டே நானும் பிள்ளையின் தந்தையும் ஓடினோம். கமக்காரர் சாக்கொன்றைத் தலையில் போட்டபடி அதே இடத்தில் இருந்தார்.

“போய்ச் சேந்திட்டுதோ?”

“ஓம் ஐயா, முழுசாப் போய்ச் சேந்திட்டுது.”

தந்தை அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நேரம் போகுது, நீங்கள் வெளிக்கிடுங்கோ” என்று கமக்காரர்தான் அவரை அனுப்பிவைத்தார்.

பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள், சத்திரசிகிச்சையும் நல்லபடி முடிந்தது. சில மாதங்களின் பின் தந்தை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவள் எங்கள் கதிரைகளைச் சுற்றி ஓடித் திரிந்தாள். நான் போய் ஒட்டுக் கடைக்காரரிடம் சொன்னேன்.

“அந்த ஐயா வரேக்கையெல்லாம் கேக்கிறவர், பிள்ளைக்குச் சரிவந்ததோ எண்டு” என்றார் அவர். “அண்டைக்கு அவற்ற நெல்லிலை அரைவாசி நனைஞ்சு போச்சு. அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.”

அந்தக் கமக்காரரை நான் அதற்குப் பிறகு காணவில்லை, பெயரும் கேட்டு வைக்கவில்லை. ஆனால் தன் நெல் நனைவது தெரிந்தும், முகம்கூடப் பார்த்திராத ஒரு பிள்ளைக்காக ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்பதை, வயது ஏற ஏறத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.