கடைசி பெஞ்சில் ஒரு வக்கீல்

எழுபதுகளில் நான் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். கொழிஞ்சாம்பாறை ராமாத்தாளின் வயலைக் கேட்டு அவள் கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். குறுக்கு விசாரணையில் அவன் வக்கீல் அவள் நடத்தையைப் பற்றிக் கேவலமாகக் கேட்டார். வெளியே வந்ததும் அவரை அறைந்தேன். பார் கவுன்சில் என் சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. அதுவரை கோட்டு போடக் கூடாது, வாதாடக் கூடாது.

“வேற வக்கீலப் பாரு ஆத்தா, வயலு போயிரும்” என்றேன்.

“போனா உங்க கையிலயே போவட்டுங்க” என்றாள்.

வழக்கைக் கூப்பிட்ட அன்று கடைசி பெஞ்சில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். “உன் வக்கீல் எங்கே?” என்றார் முன்சீப்.

“அதா, கடைசீல உக்கோந்திருக்காருங்க. எனக்காவ அடிச்சுப்போட்டுத்தானுங்க அங்க உக்கோந்திருக்காரு. அவரு கோட்டு திரும்பி வர்ற வரைக்கும் வாய்தா குடுங்க சாமி.”

கோர்ட்டே சிரித்தது. முன்சீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர் வக்கீலைப் பார்த்தார். அவர் கன்னத்தைத் தடவியபடி, “ஆட்சேபணை இல்லை” என்றார்.

சன்னது திரும்பியதும் நான் எழுந்து நின்று பேசிய முதல் வழக்கு அவளுடையதுதான். வயல் அவளுக்கே நின்றது. அறைந்தது தவறு என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தேன், தவறுதான். ஆனால் வக்கீல் என்ற திமிரோடு நான் உட்கார்ந்தது அந்தக் கடைசி பெஞ்சில்தான்.